சொல்லிவிட்டுச் செய்கிறவர்

பிள்ளைகளே, போன கிழமை உடுப்புக் கடையில் உங்கள் இருவரையும் நான் வெட்கப்படுத்திவிட்டேன். கடை வாசலில் இரண்டு பக்கமும் நிற்கிற வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் எனக்குக் கால் போகவில்லை. பின்னால் வந்த சனம் முட்டிக்கொண்டு நின்றது. "அது களவு பிடிக்கிற மிஷின் அப்பா. நீங்கள் என்ன களவெடுத்தனீங்களே?" என்று சின்னவன் கேட்டான். பெரியவள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். என் சட்டை முதுகுப் பக்கம் நனைந்திருந்ததை உங்கள் அம்மா மட்டும்தான் கண்டாள்.

அதற்குக் காரணம் ஒரு மனிதர். அவரைப் பற்றி உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். உங்களுடைய பால்மாப் பைக்கற்றும் இந்தக் கதைக்குள் வருகிறது.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிண்ணியாவில் இருந்து தினமும் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற படகுப்பாதையில் கடலைக் கடந்து திருகோணமலைக்கு வேலைக்கு வருவார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அழைக்கிறபடி நாங்களும் அவரை நானா என்றே கூப்பிட்டோம். என்னை விட ஐந்தாறு வயது மூத்தவர். முன்பு ரேடியோ திருத்தியவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொம்பனியின் கிட்டங்கியில் நானும் அவரும் வேலை செய்தோம். கப்பலில் இருந்து வருகிற உர மூடை, மா மூடை, சீமெந்து எல்லாம் அங்கேதான் அடுக்கப்படும். யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த காலம்.

அவரிடம் ஒரு பழக்கம். எதைச் செய்தாலும் செய்வதற்கு முன் சொல்லிவிடுவார்.

"இப்ப நான் எழும்புறன்" என்பார். பிறகுதான் கதிரையை விட்டு எழுவார். "இப்ப நான் பைக்குள்ள கைய விடுறன், பேனை எடுக்கிறன்." "இப்ப உனக்குப் பின்னால வாறன் தம்பி." சத்தமாகச் சொல்ல மாட்டார், மெதுவாகவும் சொல்ல மாட்டார். பக்கத்தில் நிற்கிற ஒருவருக்குக் கேட்கிற அளவு. ஆள் இல்லாத இடத்திலும் சொல்வார்.

மூடை தூக்குகிற ஆட்கள் அவருக்கு 'ஆறுமணிச் செய்தி' என்று பட்டம் வைத்திருந்தார்கள்.

"நானா, கொட்டாவி விடேக்கையும் சொல்லுவியளோ?"

"சொல்லுவன். இப்ப விடப்போறன், பாரு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறப்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு பெருநாளைக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அவருடைய மனைவி குசினிக்குள் இருந்தபடியே கதைத்தார். "வீட்டிலயும் இதே கதைதான் தம்பி. 'இப்ப நான் கறிய ஊத்துறன்' எண்டு சொல்லிட்டுத்தான் ஊத்துவாரு. பிள்ளைகள் சிரிச்சிச் சிரிச்சி சோறு திங்கிறல்ல." நானாவும் சிரித்துக்கொண்டு, "இப்ப நான் தம்பிக்கு இறைச்சி வைக்கிறன்" என்றார்.

ஏன் அப்படி என்று அவர் சொன்னதில்லை. மூடை தூக்குகிற ஒருவர் எனக்குச் சொன்னார். நானாவுடைய கூட்டாளி ஒருவர் படைக்காரர் துவக்கோடு மறித்து நிற்கிற ஏதோ ஒரு சென்றியில் அடையாள அட்டை எடுப்பதற்குச் சட்டைப்பைக்குள் கையை விட்டாராம். நானா பக்கத்தில் நின்றாராம். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஒரு கதை எந்த இடத்தில் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவர் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்தது. அதை இப்போதுதான் விளங்கிக்கொள்கிறேன். அவர் எங்கே நிற்கிறார், அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பது எந்நேரமும் தெரியும். அப்படித் தெரிந்த ஒரே ஆள் அந்தத் துறைமுகத்தில் அவர்தான்.

அந்த வருஷம் கொம்பனி ஒரு புதிய மிஷினைக் கொண்டுவந்தது. உரம் என்றால் அப்போது சும்மா சாமான் இல்லை. யூரியாவில் வெடிமருந்து செய்யலாம் என்பதால் ஒவ்வொரு மூடையும் எங்கே போகிறது என்று மேலிடத்துக்குத் தெரிய வேண்டும். கையால் எழுதுகிற சீட்டை நம்ப முடியாது என்றார்கள். ஒரு மரத்தட்டில் இருபது மூடை அடுக்கி, தட்டின் பக்கத்தில் ஒரு சிட்டை ஒட்ட வேண்டும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளமான, மெல்லிய சிட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மயிர் போல ஓடுகிற உலோகக் கோடுகளும் நடுவில் கடுகு அளவு கறுப்புப் புள்ளியும் தெரியும். வாசலின் இரண்டு பக்கமும் அன்ரனாத் தூண்கள். தட்டு வாசலைக் கடக்கும்போது மிஷின் கீச்சென்று கத்தி, அந்தச் சிட்டையின் இலக்கத்தைக் கொம்பியூட்டரில் எழுதிக்கொள்ளும். லொறி நிறைந்ததும் கொம்பியூட்டர் ஒரு பட்டியல் அச்சடித்துத் தரும். சென்றியில் அந்தப் பட்டியலையும் லொறியையும் ஒத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். கைச்சீட்டு நின்றுபோனது.

கொழும்பில் இருந்து ஒரு இளம் பொறியியலாளர் வந்து இரண்டு நாள் நின்றார். பாதி சிங்களத்திலும் பாதி இங்கிலீசிலும் சொல்லித்தந்தார். ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, சென்றி பூட்ட முதல் போக வேண்டும் என்று அவசரமாகப் போய்விட்டார். மிஷினும் நாங்களும் மிஞ்சினோம். நானா ரேடியோ திருத்தியவர் என்பதால் மிஷின் அவர் பெயரில் பதியப்பட்டது. அச்சாகிற ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் அவருடைய பெயர் வரும். நான் கையாள்.

அன்ரனா என்ற சொல்லே அப்போது ஆட்களுக்குப் பயம். வயர் சுருளோடு பிடிபட்டு வீடு திரும்பாத ஆட்களின் கதை எல்லோரிடமும் ஒன்று இருந்தது. மூடை தூக்குகிறவர்கள் முதல் நாள் சிட்டையைத் தொடவே மாட்டோம் என்று நின்றார்கள்.

"நானா, இது எங்கட கதையக் கேக்குமோ?"

"கேக்காது. இதுக்குக் காது இல்ல. ஒரு இலக்கம் மட்டும்தான் தெரியும். அதையும் கேட்டாத்தான் சொல்லும்."

"ஆர் கேட்டாலும் சொல்லுமோ?"

"சரியான மிஷின் கேட்டா ஆருக்கும் சொல்லும்."

"அப்ப இது கூடாத சாமான்" என்று அந்த ஆள் இரண்டடி தள்ளி நின்றார்.

நானா எனக்கு விளங்கப்படுத்திய விதம் இன்றும் நினைவிருக்கிறது. "பள்ளிக்கூடத்தில இடாப்புக் கூப்பிடுற மாதிரித்தான் தம்பி. வாத்தியார் பேர் சொன்னா பிள்ளை 'வந்திட்டன் சேர்' எண்டு சொல்லும். கூப்பிடாட்டி பேசாம இரிக்கும். இதுக்குள்ள பற்றரி இல்ல. தூணில இருந்து அலை வந்து படும். அந்தக் கேள்வியில இரிக்கிற பலத்தையே எடுத்துத்தான் இது பதில் சொல்லும். கேள்வி இல்லாட்டி இது ஊமை."

பற்றரி வைத்த சிட்டைகளும் உண்டாம். அவை கேட்காமலே தாங்களாகக் கத்திக்கொண்டிருக்குமாம். "என்னப் போல" என்று சொல்லி நானா சிரித்தார்.

புத்தகத்தில் இருந்ததை நாங்கள் செய்து பார்த்தே பழகினோம். சிட்டைக்கு முன்னால் பலகையைப் பிடித்தோம், மிஷின் கத்தியது. சாக்கைப் பிடித்தோம், கத்தியது. நான் சிட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன், கத்தவில்லை. "மனிசன் முழுக்கத் தண்ணி தம்பி. தண்ணி அலையக் குடிச்சிரும்" என்றார். நனைந்த மூடையோடு ஒட்டினாலும் அப்படித்தான். இரும்புப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்தோம், கத்தவில்லை. "இரும்பு, தகரம் எல்லாம் அலையத் திருப்பி அனுப்பிரும்" என்றார். நான் தலையாட்டினேன். இரும்பு எனக்கு விளங்கியது. எனக்கு விளங்காமல் போன ஒன்று இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒருநாள் தேத்தண்ணீர் நேரம். மூடை தூக்குகிற ஒருவர் பகிடிக்கு ஒரு சிட்டையை உரித்து இன்னொருவரின் முதுகில் தொங்கிய சாக்குத் துண்டில் ஒட்டிவிட்டார். அவர் அது தெரியாமல் வாசலைக் கடந்தார். மிஷின் கீச்சென்று கத்தியது. வாசலுக்கு எதிரே நின்ற சென்றியில் படைக்காரர் ஒருவர் துவக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். முதுகில் சிட்டை இருந்தவர் நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் உயர்த்தினார். அவருடைய கையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பை விழவில்லை. தேத்தண்ணீர் மட்டும் தலையில் ஊற்றுப்பட்டது.

நானாவுடைய குரல்தான் கேட்டது. "சேர், இப்ப நான் எழும்புறன். இப்ப அவருக்கிட்ட நடந்து வாறன். இப்ப அவர்ர முதுகில இருந்து ஒரு கடதாசி உரிக்கிறன்." அதையே சிங்களத்திலும் சொன்னார். சொன்னபடி எழுந்தார், சொன்னபடி நடந்தார், சொன்னபடி உரித்தார். துவக்குக் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு ஒருவரும் அவரை 'ஆறுமணிச் செய்தி' என்று கூப்பிடவில்லை.

மழைக்காலம் வந்தது. எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும், விடாமல் நாலைந்து நாள் பெய்யும். கிட்டங்கியின் ஒரு மூலையில் தகரம் ஒழுகியது. அதற்குக் கீழே யூரியாத் தட்டுகள் இரண்டு. அவற்றின் சிட்டைகள் நனைந்தால் வாசலில் கத்தாது என்று நானாவுக்குக் கவலை. "திங்கட்கிழமை பொலித்தீன் எடுப்பம்" என்று சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் அன்புவழிபுரத்து வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது உங்கள் அம்மா வெறும் பால்மாப் பைக்கற்றை எறியப் போனாள். அதன் உட்பக்கம் வெள்ளியாகப் பளபளத்தது. தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். நான் அதைக் கேட்டு வாங்கினேன். கிட்டங்கியில் அதை இரண்டாக வெட்டி, அந்த இரண்டு சிட்டைகளையும் மூடி, ஓரங்களை மடித்து ஒட்டினேன். எனக்கு மடிப்பு வேலை வடிவாக வரும். உங்கள் கொப்பிகளுக்கு உறை போட்டுத் தந்த கைதானே.

இரும்பு அலையைத் தடுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வெள்ளித்தாளை நான் கடதாசி என்றே நினைத்தேன்.

நானாவுக்குச் சொல்லவில்லை. மத்தியானம் அவர் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போகும்போது, "இப்ப நான் தொழப் போறன் தம்பி, ஒண்டரைக்கு வந்திருவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்த பிறகு காட்டலாம், சந்தோசப்படுவார் என்று இருந்தேன்.

அவர் போன கையோடு லொறி வந்தது. கந்தளாய்க்கு எட்டுத் தட்டு யூரியா. பாதையில் சென்றி பூட்ட முதல் போக வேண்டும் என்று சாரதி அவசரப்படுத்தினார். தகரக் கூரையில் மழை கொட்டியது. மிஷின் கத்துகிறதா இல்லையா என்று கேட்கவே இல்லை. எட்டுத் தட்டும் வாசலைக் கடந்து லொறியில் ஏறின. நான் கொம்பியூட்டரின் பொத்தானை அமத்தினேன். பட்டியல் வந்தது. வரிகளை எண்ணிப் பார்க்காமல் சாரதியின் கையில் கொடுத்தேன். நகலைக் கோப்பில் கோத்தேன்.

பட்டியலில் ஆறு வரிதான் இருந்திருக்கிறது.

நானா ஒன்றரைக்கு வந்தபோது தட்டுகள் போய்விட்டன; காட்ட ஒன்றும் இல்லை என்று தாளைப் பற்றி நான் சொல்லாமல் விட்டேன். மூன்றரை மணிபோல லொறி திரும்பி வந்தது. முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். மழை விட்டிருந்தது. சாரதி முன்சீற்றில் இரண்டு படைக்காரருக்கு நடுவில் இருந்தார். எட்டுத் தட்டு யூரியாவை ஏற்றிவிட்டு ஆறு என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தட்டு யாருக்குப் போகிறது? அதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு அந்த நாட்களில் ஒரே ஒரு அர்த்தம்தான்.

அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். பட்டியலை உயர்த்திக் காட்டினார்.

"யார் பேர்?"

"என்ட பேர் சேர்" என்றார் நானா.

பட்டியல் அச்சான நேரத்தில் அவர் பள்ளிவாசலில் இருந்தார். நேரம் பட்டியலின் தலையிலேயே இருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற படைக்காரர் என்னைப் பார்த்து, "நீ?" என்றார். "நான் ஸ்டோர்ஸ் சேர்" என்றேன்.

எந்தத் தட்டு கத்தவில்லை என்று பார்த்துச் சொல்லும்படி நானாவிடம், சிட்டைக்குக் கிட்டப் பிடித்து இலக்கத்தை வாசிக்கிற கைமிஷினைக் கொடுத்து லொறியில் ஏற்றினார்கள். கீழே நாங்கள் நின்றோம். அவர் மூடைகளுக்குப் பின்னால் மறைந்தார். குரல் மட்டும் வந்தது.

"இப்ப நான் முதலாவதப் பாக்கிறன் சேர்." கீச். "இப்ப ரெண்டாவது." கீச். "இப்ப குனியிறன்." கீச். நான் அவருடைய குரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு கீச்சு முடிந்தது. "இப்ப மற்றப் பக்கம் போறன்."

பிறகு குரல் நின்றது.

பிள்ளைகளே, எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பத்து எண்ணுகிற நேரம் இருக்கலாம். அவரோடு வேலை செய்த அவ்வளவு நாளில், அவர் சொல்லாமல் ஏதோ செய்கிற நேரம் அது ஒன்றுதான். மழைத்தண்ணீர் தகரத்தில் இருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. பளபளக்கிற பால்மாத் தாள். தகரம். அலையைத் திருப்பி அனுப்புகிற சாமான். அவர் இப்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னுடைய மடிப்பைப் பார்க்கிறார். அது யாருடைய மடிப்பு என்று அவருக்குத் தெரியும்.

அவர் வாயைத் திறந்தால் நான் முடிந்தேன். உரத்துக்கு வைத்த சிட்டையை வெள்ளித்தாளால் மறைத்த ஒரு அன்புவழிபுரத்துத் தமிழன். மழைக்காகத்தான் மூடினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சின்னவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். பெரியவள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

கீச். கீச்.

"சிட்டை நனைஞ்சி போயிரிக்கி சேர். மழை. அதான் வாசலில கத்தல்ல" என்ற குரல் வந்தது. "இப்ப நான் இறங்குறன்."

அதிகாரி மடையர் இல்லை. "அப்ப கத்தாதது இப்ப எப்பிடிக் கத்துது?"

"துடைச்சனான் சேர்."

"மேல நிண்டு என்ன செய்தனி? ஏன் பேசாம நிண்டனி?"

நானா கைமிஷினைத் திருப்பி நீட்டினார். அவருடைய பைகளைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு பேனையும் படகுப்பாதைக்கு வைத்திருந்த சில்லறையும்தான். ஜீப்பைக் காட்டினார்கள். நான் ஒரு அடி முன்னே வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைவு. என் கால் அசைந்ததா என்று சத்தியம் பண்ண மாட்டேன். நானா என்னைப் பார்க்காமல், படைக்காரருக்கும் எனக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இப்ப நான் ஜீப்பில ஏறுறன்."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, அலுமாரியில் இருந்த புதுப் பால்மாப் பைக்கற்றை உடைத்து மாவைப் போத்தலுக்குள் கொட்டினேன். பைக்கற்றை அடுப்புக்குள் திணித்தேன். அது எரியவில்லை. வெளிப்பக்கம் உருகி நாறியது; வெள்ளித்தாள் சுருண்டு அப்படியே கிடந்தது. "உங்களுக்கு என்ன விசரே? பிள்ளையளுக்கு வாங்கின மாவை நிலத்தில எல்லாம் சிந்திக்கொண்டு" என்று உங்கள் அம்மா கத்தினாள். நான் அந்தத் தாளைச் சாம்பலோடு கிண்டிக் கிண்டி நொறுக்கினேன்.

அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் கொம்பனியின் கொழும்பு அலுவலகம் பூட்டு; நானாவுக்காகப் பேச ஆள் இல்லை. ஒழுங்கைக்குள் எந்த மோட்டார் சைக்கிள் வந்தாலும் நான் கிணற்றடிக்குப் போனேன். இரண்டு பயம், பிள்ளைகளே. அவர் சொல்லிவிடுவாரோ என்று ஒன்று. சொல்லாமலே இருந்து அவருக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று ஒன்று. எது பெரிய பயம் என்று அப்போது கேட்டிருந்தால் முதலாவதைத்தான் சொல்லியிருப்பேன். அதை எழுதக் கை கூசுகிறது. பொய் எழுதுவதை விட அது நல்லது.

திங்கட்கிழமை கொம்பனி மனேஜரும் அந்தப் பொறியியலாளரும் வந்தார்கள். அதிகாரிக்கு முன்னால் ஒரு சிட்டையை வாளித் தண்ணீரில் நனைத்து, நனைந்த மூடையோடு ஒட்டிக் காட்டினார்கள். கத்தவில்லை. துடைத்துக் காட்டினார்கள். கத்தியது. எட்டுத் தட்டுக்கும் வந்த கட்டளைக் கடிதத்தையும் காட்டினார்கள். பின்னேரம் நானாவை விட்டார்கள்.

புதன்கிழமை வேலைக்கு வந்தார். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. சட்டை தோய்த்து மடித்துப் போட்டிருந்தார். நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். ஏதோ நினைத்துத் திரும்பினேன். எனக்குப் பின்னால் ஒரு முழத்தில் அவர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நான் கதிரையோடு சரியப் பார்த்தேன்.

அவர் சொல்வதை விட்டுவிட்டார். எழும்பும்போது சொல்லவில்லை. பைக்குள் கை விடும்போது சொல்லவில்லை. மூடை அடுக்குகளுக்கு நடுவில் நான் போனால் திடீரென்று ஒரு திருப்பத்தில் நிற்பார். ஆட்கள் அவரைக் கண்டால் ஒதுங்கத் தொடங்கினார்கள். கொட்டாவிப் பகிடிக்காரர் ஒருநாள், "நானா, இண்டைக்குச் செய்தி ஒண்டும் இல்லையோ?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். நானா அவரை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

ஒரு கிழமை கழித்து நான் துணிந்து போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"நானா, அந்தத் தாள்..."

"மூடைக்கு நடுவில செருகிட்டன். அது இப்ப கந்தளாய் வயலுக்குப் போய்ச் சேர்ந்திரிக்கும்."

"ஏன் நானா நீங்கள் சொல்லேல்லை?"

"சொன்னா உன்னக் கொண்டு போவாங்க." சட்டைப்பையில் இருந்து பேனையை எடுத்தார். "நாலு நாளும் நான் செய்தது எல்லாத்தையும் சொன்னன் தம்பி. ஒருத்தரும் கேக்கல்ல. சொல்லாத அந்த ஒண்டத்தான் கேட்டாங்க."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு ஒட்டியிருக்கலாமே தம்பி. வேணாம் எண்டிருப்பன்."

கோபம் இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு வருஷம் சுமந்திருக்க மாட்டேன்.

அந்த மாத முடிவோடு அவர் வருவது நின்றது. வளைகுடாவுக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார்; வீட்டிலேயே இருக்கிறார், வெளியே வருவதில்லை என்று இன்னொருவர் சொன்னார். நான் கிண்ணியாவுக்குப் போய்ப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் அடுத்த கிழமை போகலாம் என்று இருந்தேன். மிஷினை என் பெயருக்கு மாற்றினார்கள்.

மாற்றிய அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். அலுவலகத்தில் நான் தனியே இருந்தேன். படைக்காரர் மாதத்துக்கு ஒருமுறை கோப்புகளை எடுத்துப் புரட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வெள்ளிக்கிழமைக் கோப்பை இறக்கினேன். ஆறு வரிப் பட்டியல். அடியில் நானாவின் பெயர். நான் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து எழுதினேன்: 'இதன் கீழுள்ள பட்டியலில் வராத இரண்டு தட்டுகளின் சிட்டைகளையும் பால்மாப் பைக்கற்றுத் தாளால் மூடியவன் நான். மழைக்காக மூடினேன். பட்டியல் அச்சான நேரத்தில் மிஷினில் இருந்தவனும் நான். பட்டியலில் பெயர் உள்ளவர் அப்போது பள்ளிவாசலில் இருந்தார்.' முதல் தாளில் எழுத்துக் கோணியது, கிழித்தேன். இரண்டாவதையும் கிழித்தேன். மூன்றாவதில் என் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அன்புவழிபுரத்து விலாசத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஓரத்தில் துளை போட்டு, பட்டியலுக்கு மேலே வருகிற மாதிரிக் கோப்புக் கயிற்றில் கோத்து முடிந்தேன். கோப்பை இருந்த அலுமாரித் தட்டிலேயே, முதுகு வெளியே தெரிய, நிமிர்த்தி வைத்தேன்.